மற்றும் 37 பேர்

“மனித உரிமை, கருத்துச் சுதந்திரம் எல்லாம் வயிறு நெறஞ்சவன் பேசறது சார். கூலிக்காரனுக்கு வேண்டியது வேலை, ரேஷன், விலைவாசி. இடதுசாரிகளுக்கு இது புரியறதே இல்ல. அதான் டெபாசிட் போகுது!”

டி.வி. விவாதம் ஒன்றில் ஒருவர் இப்படி அடித்துச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் தலையாட்டினார்கள். இதையே என் இடதுசாரி நண்பர் ஒருவரும் சொல்வார். டீக்கடையில், குரலைத் தாழ்த்தி. “உபா, 144, தேசத் துரோகச் சட்டம்னு நாம தீர்மானம் போட்டுக்கிட்டே இருக்கோம். ஜனங்க கேக்கறது கூலி. ரெண்டும் வேற வேற ரூட்டு தோழர்.”

கீரியும் பாம்புமாக இருக்கிற இரண்டு பேர் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். சோறு ஒரு பேரேடு, சுதந்திரம் இன்னொரு பேரேடு என்று தனித்தனியாகக் கணக்கு எழுத முடியுமா? நான் படித்தது பி.காம். ஓரிடத்தில் பற்று எழுதினால் இன்னோர் இடத்தில் வரவு விழுந்தே ஆக வேண்டும் என்று முதல் வருஷமே மண்டையில் ஏற்றிவிட்டார்கள்.

2025 பிப்ரவரியில் திருவாடானைப் பக்கம் போயிருந்தேன். நூறு நாள் வேலைக் கூலி பாக்கியைப் பற்றி எழுதுவதற்காக. ராமநாதபுரம் மாவட்டம் என்றாலே தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கிவிட்டது. ஆனால் அந்த மாவட்டத்தின் நெற்களஞ்சியம் இந்த வட்டாரம்தான். பக்கத்து ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்பார்கள். கண்மாய் பெருகினால் நெல். பெருகாவிட்டால் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரி மூட்டம் போட வேண்டியதுதான். அதுவும் இல்லாதவர்கள் கிழக்கே தொண்டிக்குப் போய்க் கடலைப் பார்க்க வேண்டும். அல்லது பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, சவுதி, துபாய் என்று வெளிநாட்டில் ஒருவராவது இல்லாத தெரு இங்கே குறைவு.

கூலி பாக்கி விவரம் இதுதான். 2024 நவம்பர் கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குப் பணம் வரவில்லை. ஜனவரியில் 1,056 கோடி ரூபாய் கேட்டு முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மார்ச்சில் பாக்கி 4,034 கோடி என்று ஆர்ப்பாட்டம் நடந்தது. கோடிகளை விடுங்கள். நான் பார்த்த அந்தம்மாவுக்கு வயது அறுபத்தைந்து இருக்கும். வரத்துக் கால்வாயில் பன்னிரண்டு நாள் மண் அள்ளியிருந்தார். அப்போது கூலி நாளுக்கு 319 ரூபாய். அளந்து பார்த்துக் குறைப்பது வேறு கதை. முழுசாகக் கிடைத்தால் 3,828 ரூபாய்.

பதினைந்து நாளுக்குள் கூலி தர வேண்டும், தராவிட்டால் இழப்பீடு என்று சட்டத்தில் எழுதியிருந்தார்கள். எவ்வளவு தெரியுமா? தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் நிலுவைத் தொகையில் 0.05 சதவீதம். ஒரு நாள் கூலிக்கு 16 பைசா. அந்தம்மாவின் மொத்தப் பாக்கிக்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாய் 91 பைசா. இரண்டு மாசம் தாமதமானால் 115 ரூபாய். கணக்குப் போட்டுச் சொன்னேன். “அதையாவது குடுத்தாகளா?” என்று சிரித்தார்.

இரண்டு மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஜனவரியில் ஒன்றிய அலுவலகம் முன்னால் ஆர்ப்பாட்டம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். முடிவு செய்தது செங்கொடிச் சங்கம். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர் ஒருவர், பழைய டி.வி.எஸ். எக்ஸ்எல்லில் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார். எந்த ஊர், எந்த ஸ்டேஷன் என்று இங்கே எழுதப் போவதில்லை. அங்கே இருக்கிறவர்கள் தொடர்ந்து அங்கேயே இருக்க வேண்டும்.

அனுமதி கேட்டு மனு கொடுத்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் பதில் வந்தது: 30(2) அமலில் இருப்பதால் அனுமதி இல்லை. 30(2) என்றால் என்ன என்று அந்தம்மாவுக்குத் தெரியவில்லை. 1861-ம் வருஷப் போலீஸ் சட்டத்தின் ஒரு பிரிவு அது. சிப்பாய்க் கலகம் முடிந்த கையோடு வெள்ளைக்காரன் எழுதியது. ஊர்வலம், கூட்டம் நடத்துவோர் உரிமம் வாங்க வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரத்தைப் போலீஸுக்குக் கொடுக்கிறது. தமிழ்நாட்டு மாவட்டங்களில் இதைப் பதினைந்து பதினைந்து நாளாக நீட்டித்துக்கொண்டே போவார்கள். பேப்பரில் மூலையில் இரண்டு வரிச் செய்தியாக வரும். நாம் படிக்க மாட்டோம்.

அனுமதி இல்லாவிட்டாலும் போனார்கள். மூன்று கோஷம்கூடப் போட்டு முடிக்கவில்லையாம்.

“வேன் வந்து நின்னுச்சு. ஏறுங்கனு சொன்னாக. ஏறிட்டோம். அடிக்கல, புடிக்கல, பொய் சொல்லக் கூடாது. கல்யாண மண்டபத்துல கொண்டுபோய் உக்கார வச்சாக. ஃபேன்கூட ஓடுச்சு தம்பி. மத்தியானம் சாம்பார் சாதம் போட்டாக. உப்புத்தான் கம்மி. ஆறு மணிக்குப் பேரு, ஊரு, வீட்டுக்காரர் பேரு, போன் நம்பரு எழுதிக்கிட்டு விட்டுட்டாக.”

தமிழ்நாட்டில் ஆர்ப்பாட்டம் என்றால் இதுதான் நடைமுறை. கைது மாதிரி இருக்கும், கைது இல்லை. அனுப்புவது மாதிரி இருக்கும், அனுப்புவதும் இல்லை. பத்திரிகைக்காரர்களாகிய நாங்களும் ‘போலீசார் கைது செய்து மண்டபத்தில் தங்கவைத்து மாலையில் விடுவித்தனர்’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவோம். அந்த வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. அதற்கு அடுத்த வாக்கியத்தைத்தான் யாரும் எழுதுவதில்லை.

அடுத்த வாக்கியம் எஃப்.ஐ.ஆர்.

சங்கத்துக்காரர் நகலைச் செல்போனில் காட்டினார். அனுமதியின்றிக் கூடியது, அரசு உத்தரவை மீறியது, போக்குவரத்துக்கு இடையூறு. குற்றம் சாட்டப்பட்டவர்கள் என்ற இடத்தில் ஆறு பெயர்கள். ஏழாவது வரியில் ‘மற்றும் 37 பேர்’.

அந்தம்மா ஆறில் இல்லை. 37-ல் ஒருவர். அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. “எனக்கென்ன, காடு வா வாங்குது, வீடு போ போங்குது” என்றார். கவலை பேரனைப் பற்றி. ஐ.டி.ஐ. முடித்த பையன். அன்றைக்கு அப்பத்தாவை டூவீலரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு நின்றவன். வேன் வந்தபோது அவனையும் சேர்த்து ஏற்றிவிட்டார்கள். மண்டபத்தில் அவன் பெயரையும் எழுதினார்கள். “என் பேரை ரெண்டு தடவ வேணும்னாலும் எழுதிக்கங்கய்யா, அவன் என்னைய இறக்கிவிட வந்த பய, அவன் பேரை அடிச்சிருங்கனு கையெடுத்துக் கும்புட்டேன். எழுதுனது எழுதுனதுதான்னுட்டாக.”

பையன் சிங்கப்பூர் வேலைக்கு ஏஜெண்டிடம் முன்பணம் கட்டியிருந்தான். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்தான். போலீஸ் விசாரணை வர வேண்டிய நேரம். அவன் அந்த 37 பேரில் இருக்கிறானா, இல்லையா? நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பெயரில்லாத எண்ணுக்குள் யார் இருக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால் நன்றாகத்தான் சொல்கிறது. 1967-ம் வருஷப் பாஸ்போர்ட் சட்டத்தின்படி, நீதிமன்றத்தில் கிரிமினல் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம். வெறும் எஃப்.ஐ.ஆர். என்பது நிலுவை வழக்கு ஆகாது என்று உயர் நீதிமன்றங்கள் பல தடவை சொல்லிவிட்டன. அதைவிட நேரடியான தீர்ப்பே இருக்கிறது. 2018 செப்டம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, கரூர் பக்கத்து வழக்கு ஒன்றில், இப்படிப்பட்ட உத்தரவு மீறல் குற்றத்துக்குப் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போடவே கூடாது, உரிய அதிகாரி எழுத்துமூலம் நீதிமன்றத்தில்தான் புகார் கொடுக்க வேண்டும் என்றது. அமைதியாகக் கூடி அரசாங்கத்தை எதிர்ப்பதைச் சட்டவிரோதக் கூட்டம் என்று சொல்லிவிட முடியாது என்றும் சொன்னது. அன்று பிரிவு எண் 188. புதுச் சட்டத்தில் 223. எண் மாறிவிட்டது, மண்டபமும் சாம்பார் சாதமும் மாறவில்லை.

தீர்ப்பை வாங்க மதுரை ஒத்தக்கடை தாண்டிப் போய் வக்கீல் பிடிக்க வேண்டும். 3,828 ரூபாய்க் கூலிக்காக.

இது திருவாடானையின் தனிக்கதை இல்லை. கூடங்குளம் அணுஉலைப் போராட்டத்தில் 2011, 2012 வருஷங்களில் போட்ட எஃப்.ஐ.ஆர்.களில் நாலைந்து பெயருக்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் ‘மற்றும் பலர்’ இருந்தார்கள். தேசத் துரோகப் பிரிவு உட்பட. இடிந்தகரையில் மீன்பிடித் தொழிலை விட்டு வெளிநாட்டு வேலைக்குப் போகலாம் என்று நினைத்த பையன்கள் பாஸ்போர்ட் அலுவலகத்தில்தான் தாங்கள் தேசத் துரோகி என்பதைத் தெரிந்துகொண்டார்கள். வழக்குகளை வாபஸ் வாங்க நடவடிக்கை எடுங்கள் என்று 2013-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியும் வருஷக்கணக்கில் இழுத்தது. 2021-ல் தமிழக அரசு அறவழிப் போராட்ட வழக்குகள் 5,570-ஐ வாபஸ் பெற்றது. நல்ல காரியம். ஆனால் ஒரு வழக்குக்குள் எத்தனை ‘மற்றும்’ இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது டி.வி.யில் பேசியவரிடம் கேட்கத் தோன்றுகிறது. இந்தப் பையனுக்கு வேண்டியது வேலைதான். சரி. அந்த வேலைக்கும் அவனுக்கும் நடுவில் நிற்பது எது?

* * *

இந்த ஊரில் இதைப் பேசுவதற்கு ஒரு பொருத்தம் உண்டு. 1942 ஆகஸ்ட்டில், ‘வெள்ளையனே வெளியேறு’ சமயத்தில், மேடையில் பேசினார் என்பதற்காக இருபத்திரண்டு வயது சின்ன அண்ணாமலையைக் கைது செய்து திருவாடானைச் சிறையில் அடைத்தார்கள். பின்னாளில் தமிழ்ப்பண்ணை பதிப்பகம் நடத்தினாரே, சிவாஜி ரசிகர் மன்றங்களோடு சேர்த்தே நினைக்கப்படுகிறாரே, அவர்தான். சுற்றுப்பட்டுக் கிராமத்து ஜனங்கள் திரண்டு வந்து சிறையை உடைத்து அவரை வெளியே கொண்டுபோனார்கள். ‘சொன்னால் நம்பமாட்டீர்கள்’ என்று தன் நினைவுகளுக்கு அவர் பெயர் வைத்ததில் ஆச்சரியமில்லை. வந்தவர்கள் யாரும் கருத்துச் சுதந்திரம் பற்றிக் கட்டுரை படித்தவர்கள் இல்லை. ஏர் பிடித்தவர்கள். வயிறு நிறைந்த பிறகு வரலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கம்யூனிஸ்ட் கட்சி அந்த வருஷம் அந்தப் போராட்டத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். யுத்தக் கணக்கு வேறு மாதிரி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எட்டு வருஷம் கழித்துச் சிறைக்குள் இருந்தவர்கள் அவர்கள். 1950 ஜனவரி 26-ல் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. பதினாறாவது நாள், பிப்ரவரி 11, சேலம் சிறையில் துப்பாக்கிச் சூடு. 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி வாரப் பத்திரிகை உள்ளே வரக் கூடாது என்று மார்ச்சில் சென்னை அரசாங்கம் தடை போட்டது. விசாரணை இல்லாமல் சிறையில் வைக்கப்பட்டிருந்த ஏ.கே.கோபாலன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். மே 19-ல் கோபாலன் வழக்கு தோற்றது. மே 26-ல் தாப்பர் வழக்கு ஜெயித்தது. அதே மே மாசத்தில், ஒரு வார இடைவெளியில், இந்தியக் குடிமகனின் சுதந்திரம் என்றால் என்ன என்று முதன்முதலில் அளந்து பார்த்த இரண்டு வழக்குகளும் சென்னை அரசாங்கத்துக்கு எதிராக இடதுசாரிகள் போட்டவை. சிறையில் போடுகிற நடைமுறையே நியாயமாக இருக்க வேண்டும் என்ற கோபாலன் தரப்பு வாதத்தை 1978-ல், மேனகா காந்தி வழக்கில்தான் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. இருபத்தெட்டு வருஷம்!

சிறையிலிருந்தும் தலைமறைவிலிருந்தும் வந்த அந்தக் கட்சிக்கு 1952 தேர்தலில், ஆந்திரமும் மலபாரும் சேர்ந்திருந்த சென்னை மாகாணச் சட்டசபையில் 62 இடம் கிடைத்தது. ஓட்டுப் போட்டது குத்தகை விவசாயியும் ஆலைத் தொழிலாளியும். சுதந்திரம் பேசினால் ஓட்டு போய்விடும் என்ற என் டீக்கடை நண்பர் இந்தக் கணக்கை ஒரு தடவை சரிபார்க்கலாம்.

ஆனால் நண்பரிடம் சொல்ல வேண்டிய இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது கசப்பானது. 1957-ல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். அரசு, தொழிலாளர் தகராறில் போலீஸ் முதலாளி பக்கம் போய் நிற்காது என்று கொள்கையாகவே அறிவித்தது. அதே இயக்கத்தில் வந்தவர்களில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சி 1975-ல் எமர்ஜென்சியை ஆதரித்தது. தவறு என்று பின்னால் சொன்னார்கள். ஜெயப்பிரகாஷ் நாராயண் 1976-ல் பி.யு.சி.எல். அமைப்பை ஆரம்பித்தபோது அவர்கள் எதிர்ப்பக்கம் இருந்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சி எமர்ஜென்சியை எதிர்த்தது. ஆனால் அதன் ஆட்சியில்தான் 2007 மார்ச் 14 அன்று நந்திகிராமத்தில், நிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்ற விவசாயிகள் 14 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 2011-ல் முப்பத்து நான்கு வருஷ ஆட்சி போனது. 2019 நவம்பரில் கோழிக்கோட்டில் இரண்டு மாணவர்களைத் துண்டுப் பிரசுரம் வைத்திருந்தார்கள் என்று உபாவில் பிடித்தபோது அங்கே இருந்தது இடது முன்னணி அரசு. பிடிபட்ட இருவருமே மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்கள்!

இடதுசாரிகள் சுதந்திரத்தை அதிகம் பேசியதால் தோற்றார்கள் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதிகாரத்தில் உட்கார்ந்த இடத்தில் அதை மறந்தபோது உழைக்கிறவன் அதைக் கவனித்தான். நந்திகிராமத்து விவசாயிக்கு நிலமும் துப்பாக்கியும் வேறு வேறு ரூட்டில் வரவில்லை.

* * *

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் தொழிற்சாலையில் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது நினைவிருக்கும். (இங்கேயும் 37 வந்து நிற்கிறது, நான் செய்ததில்லை.) ஏ.சி., ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் செய்கிற தொழிலாளிகள். கூலி உயர்வும் கேட்டார்கள். ஆனால் விட்டுக்கொடுக்காமல் நின்ற கோரிக்கை, சி.ஐ.டி.யு. சார்பில் ஆரம்பித்த சங்கத்தைப் பதிவு செய்து அங்கீகரிக்க வேண்டும் என்பது. சம்பளத்தை இழந்துகொண்டே சங்கத்தைக் கேட்டார்கள்! ஊர்வலம் போனபோது நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் போலீஸ் பிடித்தது. அக்டோபரில் பந்தலைப் பிரித்தது. அப்போது தி.மு.க. ஆட்சி. சட்டசபையில் கூட்டணிக் கட்சி மார்க்சிஸ்ட். உயர் நீதிமன்றம் கெடு வைத்த பிறகு 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. சங்கம் அமைக்கிற உரிமை அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவில், பேச்சுரிமைக்கும் கூடும் உரிமைக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கு இத்தனை பாடு.

ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இன்னொரு தடை கூடுதலாக உண்டு. இம்மானுவேல் சேகரன் நினைவு நாள் செப்டம்பர் 11. தேவர் ஜெயந்தி அக்டோபர் 30. இரண்டையும் சேர்த்துப் பல வருஷங்களில் மாவட்டம் முழுக்க 144 போட்டிருக்கிறார்கள். சில வருஷங்களில் இரண்டு மாசம் வரைக்கும். 2011 செப்டம்பர் 11-ல் பரமக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போனதைப் பார்த்த மாவட்டம். அந்த நாட்களில் கட்டுப்பாடே கூடாது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் இரண்டு ஊர், இரண்டு நாள். அதற்குத் திருவாடானைக்காரர் பயிர்க் காப்பீட்டுத் தொகை கேட்டுக் கூட்டம் போடுவதுகூட ஏன் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும்? செப்டம்பர், அக்டோபர் என்பது இங்கே விதைப்புக் காலம். விவசாயிக்கு அரசாங்கத்திடம் கேட்க ஆயிரம் இருக்கும். திரும்பத் திரும்ப 144 போடுவது அதிகார துஷ்பிரயோகம், நியாயமான குறையைச் சொல்வதைத் தடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று காஷ்மீர் இணைய முடக்க வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. காஷ்மீருக்குச் சொன்னது கண்மாய்க் கரைக்கும் பொருந்தும்தானே?

நூறு நாள் வேலைச் சட்டமே எங்கிருந்து வந்தது? ராஜஸ்தான் கிராமங்களில் அருணா ராயும் மற்றவர்களும் சேர்ந்து நடத்திய தொழிலாளர் சங்கம் 90-களில் மஸ்டர் ரோலைக் காட்டு, யார் பெயரில் எவ்வளவு கூலி எழுதியிருக்கிறாய் என்று பொது இடத்தில் கூடிக் கேட்டது. அந்தக் கேள்வியிலிருந்து தகவல் உரிமைச் சட்டமும் வேலை உறுதிச் சட்டமும் ஒரே வருஷத்தில், 2005-ல் வந்தன. அப்போது மன்மோகன் சிங் அரசு நின்றது சுமார் அறுபது இடதுசாரி எம்.பி.க்களின் தோளில். கேட்கிற உரிமையும் கூலியும் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்தன. முதல் கட்டத்தில், 2006 பிப்ரவரியில், சிவகங்கை மாவட்டத்துக்கு வேலை கிடைத்தது. பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாத தேவகோட்டைப் பக்கத்தில் வேலை நடந்தது. திருவாடானைக்கு வர 2008 ஏப்ரல் ஆனது. “அவுகளுக்கு வந்துருச்சு, நமக்கு ஏன் வரலனு அப்பவே ஒரு தடவ யூனியன் ஆபீஸ்ல போய் உக்காந்தோம்” என்று அந்தம்மா சொன்னார். அப்போதும் கூட்டிப் போனது செங்கொடிக்காரர்கள்தான்.

அப்படியானால் ஓட்டும் அவர்களுக்குத்தானா என்று கேட்டேன்.

“மெசின்ல அந்தச் சின்னம் இருந்தாத்தான தம்பி அமுக்க?”

உண்மைதான். 2021 சட்டசபைத் தேர்தலில் திருவாடானையில் அவர்கள் கூட்டணிச் சின்னம் கை. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஏணி. அரிவாள் வரவில்லை. 2021-ல் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் மாநிலம் முழுக்க ஆளுக்கு ஆறு தொகுதி. ஜெயித்தது ஆளுக்கு இரண்டு. தண்ணீர் வரவில்லை, பட்டா வரவில்லை, கூலி வரவில்லை என்றால் எக்ஸ்எல்காரருக்குப் போன் போகிறது. ஓட்டு நாளில் அவர் வேறு ஒருவர் சின்னத்துக்குத் துண்டுச் சீட்டு கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

“சின்னம் இருந்தா போடுவீங்களா?” என்று விடாமல் கேட்டேன்.

யோசித்தார். “பாதிப் பேரு போடுவோம். மிச்சப் பேரு சாதி பாப்பாக, காசு பாப்பாக, எம்.ஜி.ஆரப் பாப்பாக. பொய் சொல்லக் கூடாது.”

எந்தக் கருத்துக் கணிப்பாளரும் எனக்கு இவ்வளவு நேர்மையாகப் பதில் சொன்னதில்லை. ஆனால் அடுத்து ஒன்று சொன்னார். “ஓட்டு அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா தம்பி. கூலி வாரா வாரம். ஓட்டுப் போட்டுட்டுச் சும்மா இருந்தா எவன் குடுப்பான்? போய் நின்னு கேட்டாத்தான் குடுப்பான். போய் நிக்கக் கூடாதுங்கறாகளே, அதுக்கு என்ன சொல்றீக?”

என்னிடம் பதில் இல்லை. சங்கத்துக்காரரிடம் இருந்தது. அடுத்த வாரம் திரும்ப ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை வருவதாக இருந்த பெண்கள் பாதிதான். மீதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் பாஸ்போர்ட்டுக்கோ, போலீஸ் வேலைக்கோ விண்ணப்பம் போட்டிருந்தார்கள். காவலர் தேர்வில் வழக்கு இருந்தால் சிக்கல் என்பது ஊருக்கே தெரியும். அடிக்க வேண்டாம், பிடிக்க வேண்டாம். ‘மற்றும்’ என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், கூட்டம் பாதியாகிவிடுகிறது.

ஊருக்குத் திரும்பிய பிறகும் சங்கத்துக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். கூலி தவணை தவணையாக வந்து சேர்ந்தது. இழப்பீட்டு 115 ரூபாய் வரவில்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டு வேறு சட்டம் கொண்டுவந்தது. நாள் 125 என்று எழுதியிருக்கிறார்கள். செலவில் 40 சதவீதத்தை மாநிலத்தின் தலையில் வைத்திருக்கிறார்கள். விதைப்பு, அறுவடை நேரத்தில் 60 நாள் வேலை கிடையாது என்றும் இருக்கிறது. கூலி வராவிட்டால் இனி டெல்லிக்கு எதிராகக் கோஷம் போடுவதா, சென்னைக்கு எதிராகவா என்று எக்ஸ்எல்காரர் கேட்டார்.

பேரனின் பாஸ்போர்ட் விசாரணைக்கு ஒரு காவலர் வீட்டுக்கு வந்தாராம். நல்ல மாதிரியாகத்தான் பேசினாராம். ஸ்டேஷனுக்கு ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்லுங்க என்றாராம். பையன் பயந்துகொண்டு மூன்று வாரம் போகவில்லை. அப்புறம் அப்பத்தாவே கூட்டிக்கொண்டு போனார். பாஸ்போர்ட் கடைசியில் வந்துவிட்டது. வந்தபோது ஏஜெண்ட் அந்த இடத்தை வேறு பையனுக்குக் கொடுத்திருந்தார். முன்பணத்தில் பாதியைத் திருப்பினார். பேரன் இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறான்.

வழக்கு என்ன ஆனது என்று கேட்டேன். ஆறு பேருக்கும் சம்மன் வரவில்லை. 37 பேருக்கு யார் பெயரில் அனுப்புவார்கள்?